வண்ணம் மாறிய திரை: பழுதா, பார்வைக்குத் துணையா?

கள்ளக்குறிச்சியில் வசிக்கும் என் தங்கையின் இல்லத்திற்கு ஒரு விடுமுறை நாளில் சென்றிருந்தேன். அவளுடைய மகன் முந்தைய நாள்தான் நண்பர்களுடன் கல்வராயன் மலைக்குச் சென்று திரும்பியிருந்தான். பெரியார் அருவியில் எடுத்த படங்களைப் பாட்டிக்குக் காட்டவேண்டும் என்னும் ஆவலில், என் தாயார் வழக்கமாகப் படிக்கப் பயன்படுத்தும் டேப்லெட்டிலேயே அவற்றைத் திறந்தான். திறந்தவன் திகைத்துப் போனான். வெள்ளியாய் வீழ்ந்த அருவி நீர் கரியதாய்க் காட்சியளித்தது. மரங்களெல்லாம் கத்தரிப்பூ நிறம். நின்றிருந்த நண்பர்களின் முகங்களோ நீலம் பூத்திருந்தன.

"நன்னி, உங்க டேப் கெட்டுப்போச்சு!" என்று கூவிக்கொண்டே, அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அதனை எடுத்துக்கொண்டு கடைத்தெருவிற்கு ஓடிவிட்டான். பழுது பார்ப்பவர் ஒருவர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, திரையையே மாற்றியாக வேண்டும், சில ஆயிரங்கள் ஆகும் என்று கூறிவிட்டாராம். நல்லவேளையாகக் கையில் பணமில்லாததால் பையன் வீடு திரும்பினான்.

அன்று மாலை அண்டை வீட்டு ஆசிரியை வந்தார். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு தொடக்கப் பள்ளியில் பணியாற்றுபவர். டேப்லெட்டை வாங்கி எங்கோ இரண்டு மூன்று இடங்களைத் தொட்டார். அருவி வெளுத்தது, மரங்கள் பசுமை கொண்டன. ஒரு காசு செலவில்லை.

என்னதான் நடந்தது? பழைய புகைப்படச் சுருளின் நெகட்டிவைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் கலவையால் ஆனது. ஒவ்வொரு ஒளியின் அளவையும் கருவி பெரும்பாலும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. மூன்றும் 255 எனில் வெள்ளை. மூன்றும் 0 எனில் கறுப்பு. 'கலர் இன்வெர்ஷன்' என்னும் வசதியை இயக்கிவிட்டால், ஒவ்வோர் எண்ணையும் 255-இலிருந்து கழித்து, எஞ்சியதையே கருவி திரைக்கு அனுப்புகிறது. எனவே வெள்ளை கறுப்பாகிறது, பச்சை கத்தரிப்பூ வண்ணமாகிறது, நீலம் மஞ்சளாகிறது. படத்திற்கு எந்தச் சேதமும் இல்லை. அதே படத்தை வேறொரு கைபேசிக்கு அனுப்பினால் அங்கே இயல்பாகவே தோன்றும்.

(இடையே ஒரு சேதி: இந்த வசதியை இயக்கிய கைபேசியின் கேமரா வழியே, சாளரத்து வெளிச்சத்தில் பிடித்த பழைய கறுப்பு வெள்ளை நெகட்டிவைப் பார்த்தால், அது நேர்ப்படமாகிவிடும். பெட்டியின் அடியில் கிடந்த ஒரு துண்டுச் சுருளில் மறைந்த எங்கள் அத்தாவின் இளமை முகத்தை இவ்வாறுதான் கண்டோம். வண்ணச் சுருளில் இயல்பாகவே ஓர் ஆரஞ்சுச் சாயம் படிந்திருப்பதால், அது நீலம் கலந்தே தெரியும்.)

வசதியா, பழுதா என்பதை வீட்டிலேயே கண்டறிய ஆசிரியை சொன்ன வழி என்னை வியக்கவைத்தது. டேப்லெட்டை முழுவதுமாக அணைத்துவிட்டு மீண்டும் இயக்க வேண்டும். தொடக்கத்தில் தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் தோன்றுமல்லவா? அந்நேரம் கருவியின் அமைப்புகள் இன்னும் விழித்துக்கொள்ளவில்லை. சின்னம் தன் இயல்பான வண்ணத்தில் வந்து, அதன் பின்னர்த் திரை தலைகீழாக மாறினால், மாறியிருப்பது ஓர் அமைப்பு மட்டுமே. சின்னமே நிறம் கெட்டு வந்தால், அல்லது கோடுகளும் கறைகளும் சேர்ந்து தெரிந்தால், கீழே விழுந்ததிலோ நீர் பட்டதிலோ திரைக்கும் உட்பலகைக்கும் இடையேயான நாடாக்கம்பி தளர்ந்திருக்கலாம், திரையே பழுதாகியிருக்கலாம். பொருந்தாத மாற்றுத் திரையைப் பொருத்தினாலும் வண்ணங்கள் புரள்வதுண்டு. இவற்றிற்குத்தான் கடைக்குப் போகவேண்டும். விலை குறைந்த சில திரைகள், கீழிருந்து சாய்வாகப் பார்க்கும்போது மட்டும் நிறம் புரண்டு தோன்றும். நேராக வைத்துப் பார்த்தால் சரியாகிவிடுவது பழுதன்று.

ஆண்ட்ராய்டு டேப்லெட்டாயின் 'செட்டிங்ஸ்' சென்று 'ஆக்ஸஸிபிலிட்டி' என்னும் பகுதியைத் திறக்க வேண்டும். அதனுள் 'கலர் அண்ட் மோஷன்' என்றோ, சாம்சங் கருவிகளில் 'விஷன் என்ஹான்ஸ்மெண்ட்ஸ்' என்றோ ஒரு பிரிவு இருக்கும். 'கலர் இன்வெர்ஷன்' அங்கேதான் உள்ளது, அணைத்துவிட்டால் போதும். அதனருகிலேயே இருக்கும் 'கலர் கரெக்ஷன்' நிறக்குருடு உள்ளோருக்கானது. அது இயங்கினாலும் சிவப்பும் பச்சையும் விநோதமாகத் தெரியும். ஆப்பிளின் ஐபேடில் 'ஆக்ஸஸிபிலிட்டி' பகுதியின் 'டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ்' என்னும் பிரிவைப் பார்க்கவேண்டும். அங்கே 'கிளாசிக் இன்வெர்ட்' அனைத்தையும் புரட்டிவிடும். 'ஸ்மார்ட் இன்வெர்ட்' பெரும்பாலும் படங்களை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் புரட்டும்.

வண்ணம் முற்றிலும் மறைந்து பழைய திரைப்படம்போல் ஆகிவிட்டால், உறங்கும் நேரத்திற்கென அமைந்த 'பெட்டைம் மோட்' காரணமாக இருக்கலாம். மாலையானதும் திரை மஞ்சள் பூசிக்கொண்டால் அது 'நைட் லைட்' என்னும் நீல ஒளிக் குறைப்பு. ஒரே ஒரு செயலி மட்டும் கறுத்திருந்தால் அச்செயலியின் 'டார்க் மோடை'ப் பாருங்கள். ஒன்றையும் தொடவில்லையே என்கிறீர்களா? பல டேப்லெட்டுகளில் ஒலியைக் கூட்டும், குறைக்கும் பொத்தான்கள் இரண்டையும் சில நொடிகள் சேர்த்து அழுத்தினால், குறுக்குவழியாக வைத்த வசதி தானே இயங்கிவிடும். குழந்தைகளின் கையில் கருவியைக் கொடுத்த வீடுகளில் இது சர்வ சாதாரணம்.

இவ்வளவு நுட்பமும் அந்த ஆசிரியைக்கு எப்படித் தெரிந்தது என்று வினவினேன். 2024-ஆம் ஆண்டு தமிழக அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு டேப்லெட்டுகளை வழங்கியபோது அவருக்கும் ஒன்று கிடைத்திருக்கிறது. ஒரு நாள் வகுப்பில் பிள்ளைகளின் கை பட்டு நிறம் புரண்டுவிட்டது. மலையூர்கள் பலவற்றில் கைபேசித் தொடர்பு கிடைப்பதே அரிது. எவரிடமும் கேட்க இயலாது. கள்ளக்குறிச்சிக்கு இறங்கி ஏறினால் ஒரு நாள் பாழ். உட்கார்ந்து ஒவ்வோர் அமைப்பாகத் திறந்து பார்த்துத் தாமே கண்டுபிடித்தாராம். நல்லதாயிற்று, இவற்றுள் எதற்கும் இணைய இணைப்புத் தேவையில்லை. மலை மக்களுள் ஒருவர் கூலி வேலையை விட்டுவிட்டு, பேருந்துக்கும் பணம் கொடுத்து இறங்கி வந்து, தேவையற்ற ஒரு திரைக்கு ஆயிரங்களைக் கொட்டிவிட்டுத் திரும்புவதை எண்ணிப் பாருங்கள்.

இத்துடன் முடிந்தது என்றே நாங்கள் அனைவரும் எண்ணினோம். ஒரு வாரம் கழித்துத் தங்கை தொலைபேசியில் பேசினாள். "அம்மா டேப்பைத் தொடறதே இல்லைக்கா. கேட்டா வேணாம்ங்கறாங்க" என்றாள். நான் தாயாரிடமே பேசினேன். முதலில் மழுப்பினார். பிறகு மெல்லச் சொன்னார்: "வெள்ளையா கண்ணைக் குத்துதும்மா. கறுப்பா இருந்தப்போ எழுத்து நல்லாத் தெரிஞ்சுது. அந்தப் புள்ள ஆசையாச் சரி பண்ணிக் கொடுத்துச்சு. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

வெளியூரிலிருந்து வந்திருந்த எங்கள் மூத்த சகோதரிதான், தாயாருக்குப் படிக்க எளிதாக இருக்கும் என்று அதனை அப்படி அமைத்துக் கொடுத்துச் சென்றிருக்கிறாள். பழுது என்று ஊரெல்லாம் கொண்டு திரிந்த நாங்கள், அதனைத் தினமும் பயன்படுத்தும் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் சொன்னது வெறும் பழக்கமும் அன்று. கண்ணின் வில்லை மங்கியவர்களுக்கு, வெண்திரையின் மிகுந்த ஒளி கண்ணுக்குள் சிதறி எழுத்துகளின் மீதும் படர்ந்துவிடுகிறது. கரும்பரப்பில் வெண்ணிற எழுத்துகளாக மாற்றினால் சிதறும் ஒளி வெகுவாகக் குறைகிறது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் லெக்கும் அவருடைய குழுவினரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணின் ஒளி செல்லும் பாதை கலங்கியிருந்தவர்கள் இவ்வாறு புரட்டிய எழுத்துகளை விரைவாகப் படித்ததைக் கண்டனர். ஆக்ஸஸிபிலிட்டி பகுதியில் இவ்வசதி இடம்பெற்றிருப்பதே இத்தகையோரை மனத்திற்கொண்டுதான்.

ஆயினும் இது மருந்தன்று. கண்புரை என்றால் அறுவைச் சிகிச்சையால் நீக்கத்தக்கது. கூச்சம் புதிதாகத் தொடங்கியிருந்தால் கண் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் புதுச்சேரியிலும் ஒரு மருத்துவமனை உண்டு. தாயாரை அங்கு அழைத்துச் செல்ல நாள் குறித்திருக்கிறோம். திரையை மாற்றுவதற்குச் சில ஆயிரங்கள் செலவிட இருந்த குடும்பம், கண்ணைப் பற்றி அதுவரை பேசவே இல்லை என்பதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆசிரியையிடம் விஷயத்தைச் சொன்னதும், மறுநாளே வந்து கலர் இன்வெர்ஷனைக் குறுக்குவழியில் வைத்துக் கொடுத்தார். இப்போது இரண்டு ஒலிப் பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் திரை கறுக்கும். மீண்டும் அழுத்தினால் வெளுக்கும். ஐபேடாயின் மேற்பொத்தானையோ முகப்புப் பொத்தானையோ மும்முறை அழுத்தும்படி அமைத்துக்கொள்ளலாம். காலையில் நாளிதழ் படிக்கும்போது தாயார் திரையைக் கறுப்பாக்கிக்கொள்கிறார். பேரன் படங்களைக் கொண்டுவந்தால், "இரு, இரு" என்று சொல்லிப் பொத்தான்களை அழுத்திவிட்டு, அருவி வெளுத்த பிறகுதான் பார்க்கிறார்.