டயரின் கனமும் ஜீப்பின் ஓட்டமும்

மாணவர்களே, கரடுமுரடான பாதைக்காக ஜீப்பில் கனத்த டயர்களைப் பொருத்துவதுண்டு. டயருக்கு 5 கிலோகிராம் கூடினால், நான்கிற்கும் 20. ஜீப்பில் 20 கிலோகிராம் மூட்டையை ஏற்றியதற்கு இது சமமா? இல்லை! மூட்டை முன்னோக்கி நகர்ந்தால் போதும்; டயரோ நகர்வதோடு சுழலவும் வேண்டும். டயரின் நிறை பெரும்பாலும் விளிம்பை ஒட்டியே உள்ளது. விளிம்பிலுள்ள நிறைக்கு நகர்ச்சியால் எவ்வளவு இயக்க ஆற்றலோ, சுழற்சியாலும் அவ்வளவே. ஆகவே வேகமெடுக்கும்போதும் பிரேக் போடும்போதும் அந்த 20 கிலோகிராம், ஏறத்தாழ 40 கிலோகிராம் போலாகிறது!

இன்னொன்று: மேட்டில் மோதித் துள்ளும் சக்கரத்தைத் தரைக்குத் தள்ளுவது சுருள்வில். கனத்த சக்கரம் மெதுவாகவே இறங்கும். தரையைத் தொடாத சக்கரத்தில் பிரேக் போட்டும் பயனில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பியும் பயனில்லை.

சாய்ந்த பலகையில் வளையலையும் கோலிக்குண்டையும் ஒன்றாக உருட்டிப் பாருங்கள். வளையல் பின்தங்கும். ஏன்?