காதுக் கச்சேரி – 14: அடிக்கப்பட்ட 41 பெயர்கள்

போன வாரம் ஆளவந்தார் கொலை வழக்கைச் சொல்லி, அவருடைய தலையில்லாத உடலை டிரங்குப் பெட்டியோடு மானாமதுரை ஸ்டேஷனில் இறக்கியதோடு நிறுத்தினேன். தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். விட்டவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் குற்றக்கதை பாட்காஸ்ட்களில் யாருக்கு எது சரிப்படும் என்று இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். சொல்கிறேன். ஆனால் செவ்வாய்க்கிழமை ராத்திரி, மின்சாரம் போய்த் திண்ணையில் படுத்திருந்தபோது, இயர்போனில் ஒரு கணக்கு காதில் விழுந்தது. நாற்பத்திரண்டு பேரில் நாற்பத்தொரு பேர். அன்றிலிருந்து அந்தக் கணக்கு என்னை விடவில்லை. கட்டுரை கொடுக்க வியாழக்கிழமை கடைசி நாள். அதனால் வாக்கை முதலில் சுருக்கமாக நிறைவேற்றிவிட்டு அங்கே போய்விடுகிறேன்.

பஸ்ஸில் கேட்பவர்களுக்கு ‘கிரிமினல்’. ஃபீபி ஜட்ஜ் என்ற பெண்மணி 2014-லிருந்து நடத்திவருகிறார். ஒவ்வொன்றும் தனிக்கதை, முன்கதை தெரிய வேண்டியதில்லை. உத்திரமேரூரில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து போட்டால், காஞ்சிபுரம் வருவதற்குள் ஒன்று முழுதாக முடிந்துவிடும். எல்லாமே கொலை இல்லை. திருட்டு, ஏமாற்று, தப்பி ஓடியவர், தவறாக மாட்டிக்கொண்டவர் என்று பலவும் வரும். அவர் பேச்சில் அவசரமே கிடையாது, சொல் சொல்லாக விழும். ஆங்கிலம் பழகாத காதுக்கு அவரைத்தான் முதல் வாத்தியாராகச் சொல்வேன். அப்படியும் பிடிபடாவிட்டால் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். செல்போனிலேயே அந்த வசதி இருக்கிறது.

டீக்கடையில் பேப்பரைப் பிரித்ததும் வாதாட ஆரம்பிப்பவர்களுக்கு ‘சீரியல்’, முதல் வரிசை. சாரா கேனிக் 2014-ல் 12 பகுதிகளாகச் சொன்னது. 1999-ல் பால்டிமோர் பக்கம் ஒரு பள்ளி மாணவி கொல்லப்பட்டார். அவரோடு முன்பு பழகிய அத்னான் சையது என்ற மாணவனுக்கு ஆயுள் தண்டனை. செய்தது அவன்தானா என்பதுதான் பன்னிரண்டு பகுதிக்கும் கேள்வி. அதன் பிறகு 2022-ல் தீர்ப்பு ரத்தானது, மறு வருஷமே ரத்து செல்லாது என்றானது. 2025-ல், இருந்த சிறைக்காலம் போதும் என்று தண்டனையைக் குறைத்துவிட்டார்கள், குற்றவாளி என்ற தீர்ப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. கேளுங்கள், வாதாடுங்கள். ஒரு வீட்டில் பெண்ணைப் பறிகொடுத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் வாதத்தின் சூட்டில் மறந்துவிடாதீர்கள்.

‘தனி ஆள் என்ன செய்துவிட முடியும்?’ என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ‘யுவர் ஓன் பேக்யார்ட்’. கலிஃபோர்னியாவில் 1996-ல் ஒரு கல்லூரி மாணவி காணாமல்போனார். சாலையோரம் அவர் படத்தோடு வைத்திருந்த விளம்பரப் பலகையைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல், கிறிஸ் லாம்பர்ட் 2019-ல் தானே விசாரிக்கக் கிளம்பினார். அவர் பத்திரிகைக்காரர் இல்லை, பாட்டுக்காரர். பேச அஞ்சிக்கொண்டிருந்தவர்கள் அவரிடம் பேசினார்கள். 2021-ல் கைது, 2022-ல் கொலைக்குற்றம் உறுதியானது. கோயம்பேட்டுக்கு ராத்திரியில் காய்கறி ஏற்றிக்கொண்டு குட்டி யானை ஓட்டும் என் மாமா மகனுக்கு இதைத்தான் கொடுத்தேன். “தூக்கமே வரல மச்சான்” என்றான். அவன் வேலைக்கு அதுதான் வேண்டும்.

இனி அந்த 41 பேர்.

வாய்தாவுக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவர்களுக்கென்றே ஒன்று இருக்கிறது: ‘இன் த டார்க்’, இரண்டாம் வரிசை, 2018-ல் வந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் வினோனா என்று ஓர் ஊர். ஐயாயிரம் பேர் அளவில்தான் ஜனத்தொகை, அதில் ஏறக்குறைய பாதிப்பேர் கறுப்பினத்தவர். 1996 ஜூலை 16 அன்று காலை அங்கே ஒரு மரச்சாமான் கடையில் நாலு பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். சில நாட்களே அந்தக் கடையில் வேலை பார்த்து நின்றுபோன கர்ட்டிஸ் ஃபிளவர்ஸ் என்ற கறுப்பின இளைஞரைப் பிடித்தார்கள். ஒரே வழக்கு, ஒரே அரசு வழக்கறிஞர், ஆறு முறை விசாரணை. முதல் மூன்று தீர்ப்புகளை மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நாலாவதிலும் ஐந்தாவதிலும் ஜூரர்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை. 2010-ல் ஆறாவது முறை மரண தண்டனை.

ஜூரி என்பதை நம் இளைஞர்கள் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். ஊர்க்காரர்களிலிருந்தே பன்னிரண்டு பேரை உட்கார வைத்து, குற்றம் செய்தானா இல்லையா என்று அவர்களையே சொல்லச் சொல்வது. பெயர்கள் பட்டியலிலிருந்து குலுக்கலில் வரும். வந்த பெயரை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. இன்ன ஆள் வேண்டாம் என்று, காரணம் சொல்லாமலே, குறிப்பிட்ட எண்ணிக்கை வரை அடித்துவிட இரண்டு பக்க வக்கீல்களுக்கும் உரிமை உண்டு. தோல் நிறத்தை வைத்து அடிக்கக்கூடாது என்று 1986-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியிருந்தும், ஃபிளவர்ஸ் வழக்கின் ஆறு விசாரணைகளையும் சேர்த்துப் பார்த்தால், அரசுத் தரப்பு அடித்திருக்கக்கூடிய கறுப்பின ஜூரர்கள் 42 பேர். அடித்தது 41 பேரை.

நிகழ்ச்சியை நடத்திய மடலீன் பேரனும் அவருடைய குழுவும் வினோனாவிலேயே ஏறக்குறைய ஒரு வருஷம் குடியிருந்தார்கள். கொலை நடந்த காலையில் ஃபிளவர்ஸைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். ஃபிளவர்ஸே தன்னிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சாட்சி சொன்ன சிறைக்கைதி, நான் சொன்னது பொய் என்று இவர்களிடம் சொன்னார். கேட்பவருக்கு உடம்பு சிலிர்க்கும் இடம் அது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது அந்த நீதிமன்றங்களின் ரெக்கார்டு ரூம்கள். அந்த அரசு வழக்கறிஞரின் அதிகாரத்துக்கு உட்பட்ட நீதிமன்றங்களில் ஏறி இறங்கி, பழைய கட்டுகளை அவிழ்த்து, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்களைப் படம் பிடித்தார்கள். 1992 முதல் 2017 வரை நடந்த 225 விசாரணைகள், அழைக்கப்பட்ட 6,700-க்கும் மேற்பட்ட ஜூரர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நிறம், அடித்தார்களா வைத்தார்களா என்று குறித்தார்கள். கூட்டிப் பார்த்தால், வெள்ளையரை அடித்ததைப் போல் ஏறக்குறைய நாலரை மடங்கு விகிதத்தில் கறுப்பினத்தவர் பெயர்கள் அடிபட்டிருந்தன. ஒரு வழக்கில் நடந்தால் அதைத் தற்செயல் என்று சொல்லித் தப்பிக்கலாம். 225 கட்டுகளை அவிழ்த்த பிறகு அதைச் சொல்ல வழியில்லை.

ரத்தத்தை வர்ணிக்காமல், கட்டு அவிழ்த்துக் கணக்குப் பார்க்கும் கதைதான் கேட்க வேண்டிய குற்றக்கதை என்று பதினாலு வாரமாக நான் சொல்லிவருவதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

குலுக்கலில் வந்த பெயர்கள் என்றதும் எங்கள் ஊர்க் குடவோலை நினைவுக்கு வந்தது. புதன்கிழமை காலை எழுந்ததும் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் குடவோலை என்று மனப்பாடம் செய்த கல்வெட்டுகள் அந்தக் கோயில் மண்டபச் சுவரில் இருக்கின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டியவை. குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தால் எழுத்தின் பள்ளத்தில் நகம் உட்காருகிறது. 1,100 வருஷம் ஆகியும் அவ்வளவு ஆழம்.

பரீட்சைக்கு எழுதிய வரிகளை மறந்துவிட்டு, ஒரு திருட்டைத் தடுக்கப் போட்ட திட்டமாக அதைப் படித்துப் பாருங்கள். ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் முறை இது. ஊரில் 30 குடும்புகள், அதாவது வார்டுகள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதி, குடும்பின் பெயர் எழுதிய வாயோலை பூட்டிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் போட வேண்டும். சிறியவர் பெரியவர் அத்தனை பேரும் சபையில் கூடியிருக்க வேண்டும். ஊரில் இருக்கிற கோயில் நம்பிமாரில் ஒருவர் விடாமல் மண்டபத்துக்குள் உட்கார வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து, எல்லாரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். வித்தியாசம் தெரியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை இன்னொரு குடத்தில் கொட்டிக் குலைத்து, அதிலிருந்து அவனே ஓர் ஓலை எடுப்பான். அந்த ஓலையை வாங்கும் மத்தியஸ்தன் எப்படி வாங்க வேண்டும் தெரியுமா? ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் நான் அசந்து நின்றுவிட்டேன். ஐந்து விரலையும் விரிக்கச் சொன்னவர் யாரோ, விரலிடுக்கில் ஓலையை மாற்றிச் செருகுவதைக் கண்ணால் பார்த்தவராக இருக்க வேண்டும். அதோடு விடவில்லை. மத்தியஸ்தன் வாசித்த ஓலையை அங்கிருந்த நம்பிமார் அத்தனை பேரும் வாசிக்க வேண்டும். அப்புறம்தான் பெயர் எழுதப்படும். முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள்ளேயே போகக்கூடாது. அவன் அப்பா, மகன், மாமனார், மருமகன், மாமன் மகன் பெயரும் போகக்கூடாது. ஓலை எடுத்த பிறகு இந்த ஆள் வேண்டாம் என்று அடிக்க யாருக்கும் வழி வைக்கவில்லை.

அதே சுவரில் இன்னொன்றையும் படிக்க வேண்டும், அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவனாக மாட்டேன். இது பிராமணர்களுக்குத் தானமாக விடப்பட்ட சதுர்வேதிமங்கலம். வேதம் கற்றிருக்க வேண்டும், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். வயலில் இறங்கி உழுதவர் பெயரும், பானை வனைந்தவர் பெயரும், எந்தப் பெண்ணின் பெயரும் ஓலையில் ஏறவே இல்லை. வினோனாவில் குடத்திலிருந்து எடுத்த பிறகு அடித்தார்கள். இங்கே குடத்துக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். இரண்டையும் சேர்த்து யோசித்தபடி அந்த மண்டபத்தில் வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஃபிளவர்ஸ் என்ன ஆனார் என்று சொல்லிவிடுகிறேன். 2019 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. அந்த டிசம்பரில் ஜாமீனில் வெளியே வந்தார், ஏறக்குறைய 23 வருஷம் கழித்து. 2020 செப்டம்பர் 4 அன்று வழக்கையே கைவிட்டார்கள். அந்தத் தீர்ப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆறாவது விசாரணையில் அடிக்கப்பட்ட ஐந்து கறுப்பின ஜூரர்களிடம் அரசுத் தரப்பு கேட்ட கேள்விகள் 145. உட்கார வைத்த 11 வெள்ளை ஜூரர்களிடம் கேட்டவை, எல்லாரையும் சேர்த்து, 12.

இதைப் பஜார் தெருவில் எனக்குச் சட்டை தைக்கும் அண்ணனிடம் சொன்னேன். ஒரு வரப்புத் தகராறில் பதினோரு வருஷமாக வாய்தாவுக்குப் போய்வருகிறவர். ஆங்கிலம் தெரியாது. நான் ராத்திரி கேட்டதைக் காலையில் அவர் கடையில் தமிழில் சொல்வது இந்தத் தொடர் தொடங்கிய நாளிலிருந்து வழக்கம். ரவிக்கைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தவர் 145 என்றதும் மிதிப்பதை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டார்.

“இன்னா தம்பி கேட்டாங்க, அவ்ளோ கேள்வி?”

“யாரைத் தெரியும், யார்கூட வேலை செஞ்சீங்க, யார் வீட்டுக்குப் பக்கத்துல குடியிருந்தீங்க, இப்படித்தான்ணே. ஒரு அம்மா, ஃபிளவர்ஸோட அப்பாகூட ஒரே கடையில வேலை பார்த்தாங்களாம். அதையும் ஒரு காரணமா சொல்லி அடிச்சிட்டாங்க.”

“வெள்ளைக்காரங்களுக்கும் ஊர்ல ஆளுங்கள தெரிஞ்சிருக்கும் இல்ல?”

“தெரிஞ்சுதான் இருந்துச்சு. அவங்களத் துருவிக் கேக்கல.”

கொஞ்ச நேரம் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். “நம்ம ஊர்ல அப்படித் துருவிக் கேட்டா ஒருத்தரும் மிஞ்சமாட்டாங்களே தம்பி. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து ஏரிக்கரை வரைக்கும் எல்லாரும் எல்லாருக்கும் மாமன் மச்சான்தானே” என்றார். ஊசியில் விட்டுப்போன நூலை நாக்கில் நனைத்துக் கோத்துக்கொண்டு, “அந்த ஒருத்தர மட்டும் ஏன் விட்டாங்க?” என்று கேட்டார்.

அன்று முழுக்க எனக்கும் அதுதான் கேள்வி.

சொல்லாமல் விட்டவை: ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பவர்கள் கேட்கக்கூடாத ‘டாக்டர் டெத்’, அறிவியல் பிடித்தவர்களுக்கான ‘பேர் புரூக்’. அடுத்த வாரம் லட்சுமிகாந்தன் கொலை வழக்கோடு சேர்த்துச் சொல்கிறேன். 1945-ல் தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் சென்னை உயர் நீதிமன்றத்தில் தண்டனை கிடைத்தது ஜூரி விசாரணையில்தான். பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் விடுதலையானார்கள். 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. அந்த 1945 ஜூரியில் உட்கார்ந்தவர்களைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது சொல்லக் கேட்டிருந்தால், செவ்வாய்க்கிழமைக்குள் எழுதிப் போடுங்கள்.

(தொடரும்)