பனிப்புயலில் வந்த விவசாயி... உயிர் காக்கும் மாத்திரை பிறந்த கதை!

உங்கள் வீட்டில் யாராவது இதய வால்வு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இருக்கிறார்களா? அவர்களின் மாத்திரை டப்பாவில் 'வார்ஃபரின்' என்ற பெயரை நீங்கள் பார்த்திருக்கலாம். ரத்தம் உறைந்து கட்டியாகிவிடாமல் தடுக்கும் மருந்து இது. இதன் பெயருக்குள் ஒரு மாநிலமும் அதன் அரசுப் பல்கலைக்கழகமும் ஒளிந்திருக்கின்றன.

பால் கேனில் ரத்தம்

1933 பிப்ரவரி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கடும் பனிப்புயல். ஒரு விவசாயி சுமார் 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு மேடிசன் நகருக்கு வருகிறார். வண்டியில் செத்துப்போன கிடாரி, கெட்டுப்போன தீவனம், ஒரு பால் கேன் நிறைய ரத்தம். அந்த ரத்தம் உறையவே இல்லை!

சனிக்கிழமை என்பதால் கால்நடைத் துறை அலுவலகம் பூட்டியிருந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறைக் கதவு மட்டும் திறந்திருந்தது. உள்ளே இருந்தவர் பேராசிரியர் கார்ல் பால் லிங்க். 'இந்தத் தீவனத்தைப் போடாதீர்கள்' என்பதைத் தவிர, அன்று அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை. பொருளாதார நெருக்கடி காலம் அது. வேறு தீவனம் வாங்க அந்த விவசாயியிடம் பணம் ஏது?

வெறுங்கையோடு போனவரை லிங்க் குழுவினர் மறக்கவில்லை. கெட்டுப்போன தீவனத்தில் ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் பொருள் எது என்று தேடினார்கள். ஆறு வருடங்கள் கழித்து, 1939-ல் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் உருவானதுதான் வார்ஃபரின். 1948-ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1950-களில் மனிதர்களுக்கான மருந்தானது. (பயம் வேண்டாம்... டாக்டர் சொன்ன அளவும், முறையான ரத்தப் பரிசோதனையும்தான் முக்கியம்!)

ஆராய்ச்சிக்குப் பண உதவி செய்த அமைப்பு 'விஸ்கான்சின் அலும்னி ரிசர்ச் ஃபவுண்டேஷன்'. பல்கலைக்கழகக் கண்டுபிடிப்புகளில் வரும் காப்புரிமைப் பணத்தை மறுபடியும் ஆராய்ச்சிக்கே கொடுப்பதற்காக 1925-ல் தொடங்கப்பட்டது. அந்தப் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளே வார்ஃபரினில் வரும் 'வார்ஃப்'.

தலைவர் சொன்ன ஒரு வார்த்தை

விவசாயிக்குக் கதவு திறந்திருந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால், பல்கலைக்கழகத்துக்குப் போனால் யாராவது கேட்பார்கள் என்ற நம்பிக்கை தற்செயல் அல்ல. 1903 முதல் 1918 வரை அதன் தலைவராக இருந்த சார்லஸ் வான் ஹைஸ், பல்கலைக்கழகத்தின் பயன் மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் போய்ச்சேரும்வரை தனக்குத் திருப்தி இல்லை என்றார். இதைத்தான் 'விஸ்கான்சின் ஐடியா' என்கிறார்கள்.

அவருக்கு முன்பே வழி காட்டியவர் பேராசிரியர் ஸ்டீபன் பாப்காக். பாலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று எளிதாகக் கண்டறியும் முறையை 1890-ல் வெளியிட்டார். தண்ணீர் கலந்தவருக்கும் நல்ல பால் ஊற்றியவருக்கும் ஒரே விலை என்ற அநியாயத்தைத் தீர்க்க இது உதவியது. காப்புரிமை வாங்காமல் எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்தார். நம்மூர் பால் சொசைட்டியில் கொழுப்பு பார்த்து விலை போடுகிறார்களே, அதே நியாயம்தான்.

அழிக்கப் பார்த்த வரி

1971-ல் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஒரே குடையின் கீழ் வந்தன. இன்று அதில் 13 பல்கலைக்கழகங்கள். மக்களுக்குச் சேவை செய்வதும் உண்மையைத் தேடுவதும் அதன் நோக்கம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

2015-ல் அப்போதைய கவர்னர் ஸ்காட் வாக்கரின் பட்ஜெட் வரைவில் இந்த வாசகங்கள் நீக்கப்பட்டு, 'மாநிலத்துக்குத் தேவையான வேலையாட்களை உருவாக்குவது' என்ற நோக்கம் சேர்க்கப்பட்டிருந்தது. (அங்கே கவர்னர் என்றால் நம்மூர் முதல்வர் மாதிரி.) எதிர்ப்பு கிளம்பியதும், வரைவில் நேர்ந்த தவறு என்று சொல்லி அரசு பின்வாங்கியது. பழைய வாசகங்கள் தப்பின.

வேலைக்குத் தயார் செய்வது தேவைதான். ஆனால், அது மட்டுமே வேலை என்றால், பால் கேனோடு வருபவருக்காக ஆறு வருடம் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகத்தின் கதவை, ஒரு சந்தேகத்தோடு நீங்கள் எப்போதாவது தட்டியிருக்கிறீர்களா?