சேமிப்புத் தொகையும் வருஷக் கணக்கும்

குடியானவர்களுக்கு வருஷம் என்பது ஒன்றன்று. கிஸ்திக் கணக்குக்குரிய பசலி ஜூலை 1-ந் தேதி தொடங்கி ஜூன் 30-ந் தேதி முடிகிறது. பஞ்சாங்க வருஷம் சித்திரை முதல் தேதியில் பிறக்கிறது. வருமான வரிக்கும் சர்க்கார் சேமிப்புகளுக்கும் உரிய வருஷமோ ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலாகும். இவற்றை ஒன்றாக எண்ணுவதால், முதுமைக்காகப் பொருள் சேர்ப்போர் அடையும் நஷ்டம் சிறிதன்று.

1968-ல் ஏற்பட்ட பொது வருங்கால வைப்பு நிதியை எடுத்துக்கொள்வோம். இதில் வருஷந்தோறும் குறைந்தது 500 ரூபாய் கட்டவேண்டும். 1,50,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. ரொக்கமாயின் கட்டிய தேதியே கணக்கு. செக்காயின், பணம் வசூலாகிச் சர்க்கார் கணக்கில் சேர்ந்த தேதியே கணக்கு.

ஒரு மிராசுதார் மார்ச் 30-ல் ஒரு லட்ச ரூபாய்க்குச் செக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது ஏப்ரல் 2-ல் வசூலானால் அத்தொகை புது வருஷத்தையே சாரும். அப்புது வருஷத்தில் அவர் இன்னும் கட்டக்கூடியது 50,000 ரூபாய் மட்டுமே. கழிந்த வருஷத்தில் வேறு ஒன்றும் கட்டியிராவிடில் கணக்கு நின்றுபோகும். அதைப் புதுப்பிக்க, தவறிய ஒவ்வொரு வருஷத்துக்கும் 500 ரூபாயுடன் 50 ரூபாய் அபராதமும் செலுத்தவேண்டும். அவ்வாறு செலுத்தினும் கழிந்த வருஷத்தின் வரிக்கழிவு திரும்பி வாராது.

சேர்ந்த தொகையைப் பின்னர் வேறு வருஷத்துக்கு மாற்றலாமோ எனில், இங்கு அதற்கு இடமில்லை. அமெரிக்காவில் தனிநபர் ஓய்வுக்கணக்கு வைத்திருப்போர், ஏப்ரல் நடுவில் வரும் வரித் தேதிக்குள் கட்டும் தொகையை முந்திய வருஷத்துக்கென்று குறிப்பிடலாம். நம் நாட்டில் அத்தகைய தவணை இல்லை. 2020-ல் கொள்ளைநோய்க் காலத்தில் மட்டும், ஜூலை 31 வரை கட்டியதை முந்திய வருஷத்துக்குரிய வரிக்கழிவில் சேர்க்கச் சர்க்கார் அனுமதித்தது. அது பொது உத்தரவு. தனிமனிதர் விண்ணப்பத்தால் கிடைப்பதன்று.

விளைச்சல் வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. ஆயினும் சம்பளம் பெறும் கிராம உத்தியோகஸ்தருக்கும், வாடகை அல்லது வியாபார வருமானமுள்ள நிலச்சுவான்தாருக்கும் வரிக்கழிவு முக்கியம். பழைய வரி முறையைத் தேர்ந்தோருக்கே இக்கழிவு உண்டு. புது முறையில் இல்லை என்பதையும் அறிதல் வேண்டும்.

சம்பா நெல் விற்ற பணம் தை, மாசி மாதங்களிலேயே கைக்கு வருகிறது. அப்பொழுதே சேமிப்புக்குரிய பங்கை ஒதுக்கிக் கட்டிவிடுவது நலம். மாதத்தின் 5-ந் தேதிக்குள் சேர்ந்த தொகைக்கு அம்மாத வட்டியும் கிடைக்கும். செக் கொடுப்போர் மார்ச் முதல் வாரத்தைக் கடத்தலாகாது. பாஸ் புத்தகத்தில் பதிந்த தேதியை மார்ச் முடியுமுன் பார்த்துக்கொள்ளவேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் பசலிக் கணக்கு முடிவை நினைவூட்டுவது போலவே, மார்ச் 31-ஐயும் குடிகளுக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்வார்களாயின் பெரிதும் நன்மை உண்டாகும்.