ஓர் எழுத்தின் விலை

குழந்தைகளைக் காக்க வந்த தணிக்கைச் சான்றிதழ், தயாரிப்பாளரின் கணக்குப் புத்தகத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. கத்தரி எங்கே விழ வேண்டும் என்பதை இப்போது தீர்மானிப்பது பெரும்பாலும் வசூல்தான்.

ரஜினிகாந்த் படத்துக்கு யார் யார் வருவார்கள் என்பது தமிழ்நாட்டின் எந்தத் திரையரங்கு மேலாளருக்கும் மனப்பாடம். முதல் சில நாட்கள் ரசிகர்கள். அப்புறம் குடும்பங்கள். பாட்டி, அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து டிக்கெட் சேர்ந்தாற்போல் விற்கும். ஆனால் 2025 ஆகஸ்ட் 14-ல் வெளியான 'கூலி'க்கு அந்த இரண்டாவது கூட்டம் வாசலோடு நின்றது. காரணம், சான்றிதழில் இருந்த 'ஏ'. 18 வயது நிரம்பாத யாரும், பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாலும், உள்ளே போகக் கூடாது.

படத்தைத் தயாரித்த சன் நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 'கே.ஜி.எஃப்.', 'பீஸ்ட்' படங்களில் இல்லாத வன்முறையா இதில் இருக்கிறது, அவற்றுக்கு 'யு/ஏ' கொடுத்தவர்கள் இதற்கு மட்டும் ஏன் மறுக்கிறார்கள் என்பது அதன் வாதம். தணிக்கை வாரியம் சொன்ன பதில் சுருக்கமானது: முதலில் பார்த்த குழுவும் 'ஏ' என்றது, மறுஆய்வுக் குழுவும் 'ஏ' என்றது, சொன்ன காட்சிகளை வெட்டியிருந்தால் 'யு/ஏ' கிடைத்திருக்கும், 'ஏ'வை ஏற்றுக்கொண்டு படத்தை வெளியிட்டுவிட்டு இப்போது வந்து கேட்கிறார்கள். ஆகஸ்ட் 28-ல் மனு தள்ளுபடி ஆனது. அதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது. பெரிய படங்களுக்கு வசூல் என்பதே அந்த இரண்டு வாரம்தான்.

கேள்வி நியாயமானதா என்றால், ஓரளவுக்கு நியாயமானதுதான். அதே இயக்குநர் லோகேஷ் கனகராஜின் 'விக்ரம்' (2022), 'லியோ' (2023) இரண்டிலும் ரத்தத்துக்குப் பஞ்சமில்லை, இரண்டும் 'யு/ஏ'. ஆனால் வாரியத்தின் பதிலில்தான் விஷயம் இருக்கிறது. 'வெட்டியிருந்தால் கிடைத்திருக்கும்' என்ற அந்த வாக்கியம் இந்தியத் தணிக்கையின் அன்றாட நடைமுறை. சான்றிதழ் என்பது படம் எப்படிப்பட்டது என்று பெற்றோருக்குச் சொல்லும் அறிவிப்பு மட்டுமல்ல. அது ஒரு பேரம். இந்தக் காட்சியைக் குறைத்தால் இந்த எழுத்து, இந்தச் சொல்லை மௌனமாக்கினால் அந்த எழுத்து. எந்த எழுத்துக்கு எவ்வளவு பணம் என்று தெரிந்த தயாரிப்பாளர், எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்.

சட்டத்தின் நோக்கம் இதுவாக இருக்கவில்லை. 1952-ம் ஆண்டு சினிமாட்டோகிராப் சட்டத்தில் இரண்டே வகைதான்: எல்லோருக்குமான 'யு', வயது வந்தோருக்கான 'ஏ'. அந்த இரண்டுக்கும் நடுவே என்ன தொல்லை என்பதை முதலில் நீதிமன்றத்தில் கொண்டுபோய் நிறுத்தியவர் கே.ஏ. அப்பாஸ். கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ், டில்லி ஆகிய நான்கு நகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டும் சிறு ஆவணப்படம் ஒன்றை அவர் எடுத்திருந்தார். பம்பாயின் விலைமாதர் தெருக் காட்சிகளுக்காக அதற்கு 'ஏ' கிடைத்தது; அவற்றை நீக்கினால் 'யு' தருகிறோம் என்றார்கள். அப்பாஸ் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு இறங்கிவந்து வெட்டு இல்லாமலே 'யு' தரச் சம்மதித்தது. அவர் விடவில்லை, முன்தணிக்கையே கூடாது என்று வாதிட்டார். 1970-ல் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. வயதுவாரியாகப் பிரிப்பது சரியே என்றது. 1983-ல்தான் நடுவே 'யு/ஏ' வந்தது: 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அழைத்து வரலாமா என்று பெற்றோர் முடிவு செய்துகொள்ளட்டும். படவுலகம் அதை இன்னொரு விதமாகப் புரிந்துகொண்டது. குடும்பக் கூட்டத்தை இழக்காமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குப் போட்ட எல்லைக்கோடு அது.

பேரத்துக்கு மசியாதவர்களின் கதி என்ன என்பதற்குத் 'ஆரண்ய காண்டம்' நல்ல உதாரணம். தியாகராஜன் குமாரராஜாவின் இந்த முதல் படத்துக்கு வாரியம் கேட்டது 52 வெட்டுகள். தயாரிப்பாளர் எஸ்.பி.பி. சரண் டில்லியில் இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய், பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொண்டு, 'ஏ' சான்றிதழுடன் 2011-ல் படத்தை வெளியிட்டார். சிறந்த அறிமுக இயக்குநருக்கும் எடிட்டிங்குக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. கல்லாப்பெட்டிதான் நிறையவில்லை. அந்த இயக்குநரின் அடுத்த படம் 'சூப்பர் டீலக்ஸ்' வர 2019 ஆகிவிட்டது. (அதுவும் 'ஏ'தான்.) சரண் தட்டிய அந்தக் கதவு இன்று இல்லை, 2021-ல் தீர்ப்பாயம் கலைக்கப்பட்டது. இப்போது உயர் நீதிமன்றம் ஒன்றே வழி. அங்கே போவதற்கான செலவும் நேரமும் சிறிய தயாரிப்பாளருக்குக் கட்டுப்படியாகாது.

எழுத்துக்கு நேரடியாகவே விலைச்சீட்டு ஒட்டிய பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு. 2006-ல் தி.மு.க. அரசு, தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்று அறிவித்தது. பெயர்கள் மளமளவென்று மாறின. 'சம்திங் சம்திங்' ஒதுங்கிக்கொண்டு 'உனக்கும் எனக்கும்' வந்தது. 'ஜில்லுனு' இருந்த காதல் 'சில்லுனு' ஆயிற்று. 2011-ல் வந்த அ.தி.மு.க. அரசு நிபந்தனைகளைக் கூட்டியது. தமிழ்ப் பெயர் போதாது, 'யு' சான்றிதழும் வேண்டும். வரி 30 சதவீதம் வரை இருந்த காலம் அது. 'யு'வுக்கும் 'யு/ஏ'வுக்கும் இடையே ஒரு சாய்ந்த கோடும் ஓர் எழுத்தும்தான்; ஆனால் பெரிய படத்துக்கு அது கோடிக்கணக்கில் வித்தியாசம்.

விளைவு எதிர்பார்த்ததுதான். துப்பாக்கிகள் ஓயாமல் வெடிக்கும் 'கபாலி' (2016) 'யு' வாங்கியது, வரிவிலக்கும் பெற்றது. காவல் நிலையச் சித்திரவதையைச் சொன்ன வெற்றிமாறனின் 'விசாரணை' அதே ஆண்டில் 'யு/ஏ'வுடன் வந்தது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்று, இந்தியாவின் சார்பில் ஆஸ்கர் போட்டிக்கும் போன அந்தப் படத்துக்கு, அந்த விதிப்படி வரிவிலக்குத் தகுதி கிடையாது. அரசாணை ஊக்குவித்தது நல்ல படத்தையா, குழந்தைகளுக்கேற்ற படத்தையா? இரண்டையும் இல்லை. 'யு' வாங்கத் தெரிந்த படத்தை.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. எந்த எழுத்தாக இருந்தாலும் ஒரே வரி என்றானதும் 'யு'வின் மவுசு ஒரே நாளில் இறங்கியது. அடுத்த ஆண்டே வெற்றிமாறன் 'வட சென்னை'யை 'ஏ' சான்றிதழுடன் வெளியிட்டார். வட சென்னைக்காரர்கள் வட சென்னைக்காரர்களாகவே பேசினார்கள். 2023-ல் வந்த 'விடுதலை'யின் முதல் பாகமும் 'ஏ'.

அப்படியானால் பேரம் முடிந்ததா என்றால், இல்லை. தொலைக்காட்சி இருக்கிறது. மும்பைக் கல்லூரி ஆசிரியை ஒருவர் தொடுத்த வழக்கில், 'ஏ' படங்கள் தொலைக்காட்சியில் வரக் கூடாது என்று 2005-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்றிலிருந்து 'ஏ' படம் சின்னத்திரைக்கு வர வேண்டுமானால் மறுபடியும் வெட்டி, மறுபடியும் வாரியத்திடம் காட்டி, 'யு/ஏ' வாங்கியாக வேண்டும். சாட்டிலைட் உரிமையை நம்பிப் பட்ஜெட் போடும் தயாரிப்பாளருக்கு இது சாதாரண விஷயமில்லை. சில்க் ஸ்மிதாவின் வாழ்க்கையிலிருந்து பிறந்த 'தி டர்ட்டி பிக்சர்' 59 வெட்டுகளுடன் 'யு/ஏ' வாங்கி, 2012 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பாகத் தயாராக இருந்தது. கடைசி நேரத்தில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தலையிட்டு, இரவு 11 மணிக்குமேல் போடுங்கள் என்றது. வித்யா பாலனுக்கு அந்த வேடத்துக்காகத் தேசிய விருது அறிவிக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மலையாளத்தின் 'மார்கோ' (2024) கேரளத்துக்கு வெளியேயும் நன்றாக ஓடிய படம். தொலைக்காட்சிக்காக 'யு/ஏ' கேட்டுப் போனபோது 2025-ல் வாரியம் மறுத்துவிட்டது. கூலி வழக்கையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். வழக்குத் தொடுத்தவர் சொந்தமாகத் தொலைக்காட்சிகள் வைத்திருப்பவர். அவருடைய சானலிலேயே அவருடைய படத்தை அப்படியே போட முடியாது.

இந்தக் கணக்கை இந்தியா கண்டுபிடிக்கவில்லை. ஹாலிவுட்டில் 1984 கோடையில் 'இண்டியானா ஜோன்ஸ்' வரிசையின் இரண்டாவது படத்தையும் 'கிரெம்லின்ஸ்' படத்தையும் பார்த்த பெற்றோர்கள் முகம் சுளித்தபோது, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் சொன்ன யோசனையின் பேரில் 'பிஜி-13' என்ற நடுவகை பிறந்தது. பெற்றோருக்கு எச்சரிக்கையாக வந்தது, ஸ்டூடியோக்களுக்கு இலக்காகிவிட்டது. வயது வந்தோருக்கான 'ஆர்' முத்திரையுடன் மூன்று படங்கள் வந்த 'டை ஹார்ட்' வரிசை, 2007-ல் நான்காவதை 'பிஜி-13'க்குள் அடக்கியது. ப்ரூஸ் வில்லிஸின் புகழ்பெற்ற வசவு பாதியிலேயே துப்பாக்கிச் சத்தத்தில் அமுங்கிப்போயிற்று. அந்தச் சத்தத்துக்கு ஆட்சேபம் இல்லை, வசவுக்குத்தான். ஆனால் ஒரு முக்கிய வித்தியாசம். அமெரிக்காவில் 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோருடன் 'ஆர்' படத்துக்குப் போகலாம். இந்தியாவின் 'ஏ'வுக்கு அந்தப் பக்கக் கதவு இல்லை. எனவேதான் இங்கே பேரம் இன்னும் கடுமை.

அந்த 'ஆர்' முத்திரையுடன்தான் கிறிஸ்டோபர் நோலனின் 'ஓப்பன்ஹைமர்' 2023-ல் அமெரிக்காவில் வந்தது. இந்தியாவில் அதே படம் 'யு/ஏ'. மந்திரம் ஒன்றுமில்லை. அங்கே ஆடையின்றி நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஃபுளோரன்ஸ் பியூ, இங்கே கம்ப்யூட்டர் வரைந்த கறுப்பு உடையில் உட்கார்ந்திருந்தார். 'ஸ்பெக்டர்' படத்தில் (2015) ஜேம்ஸ் பாண்டின் முத்தம் பாதியாயிற்று. 2025-ல் வந்த 'சூப்பர்மேன்' படத்தில் 33 வினாடி முத்தம் போயிற்று. கட்டடங்கள் இடிந்து விழுவதில் ஒரு வினாடிகூடக் குறைந்ததாகத் தெரியவில்லை.

இவற்றையெல்லாம் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். 'ஓ.எம்.ஜி. 2'வை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. 2023 ஆகஸ்டில் வந்த இந்த இந்திப் படம், பள்ளியில் அவமானப்பட்ட ஒரு சிறுவனுக்காக அவன் தகப்பன் நீதிமன்றம் ஏறி, பாலியல் கல்வி வேண்டும் என்று வாதிடும் கதை. ஆபாசம் இல்லை, ரத்தம் இல்லை. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து பார்க்கட்டும் என்று எடுக்கப்பட்ட படம். 27 மாற்றங்கள் சொன்ன வாரியம், சிவனாக வந்த அக்ஷய் குமாரைச் சிவதூதராக மாற்றச் சொன்னது. இவ்வளவுக்குப் பிறகும் கொடுத்தது 'ஏ'. யாருக்காக எடுத்தார்களோ அவர்கள் மட்டும் பார்க்க முடியாது. அதே நாளில் 'யு/ஏ'வுடன் வந்த 'கதர் 2', எதிரிகளைச் சுத்தியலால் அடித்து நொறுக்கும் கதாநாயகனுடன் இந்தியாவில் 500 கோடி ரூபாயைத் தாண்டியது. ஓ.எம்.ஜி. 2 வசூலித்தது சுமார் 150 கோடி. வித்தியாசம் முழுவதையும் எழுத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் அந்த எழுத்தால் வெளியே நின்றவர்கள், அந்தப் படம் தேடிப்போன பார்வையாளர்கள்.

எதிர்த்திசையிலும் கணக்கு மாறிக்கொண்டிருக்கிறது. ஷாகித் கபூரின் 'கபீர் சிங்' (2019), ரண்பீர் கபூரின் 'அனிமல்' (2023) இரண்டும் 'ஏ'. இரண்டாவது மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற படம். உலகெங்கும் 800 கோடிக்கும் அதிகமாகச் சம்பாதித்தது. குழந்தைகள் இல்லாமலும் கோடிகள் வரும் என்று தெரிந்தபின் சில தயாரிப்பாளர்களுக்கு 'ஏ' ஒரு விளம்பரமாகவே ஆகிவிட்டது. முன்பு 'யு'வுக்காக ரத்தத்தைக் குறைத்தார்கள்; இப்போது 'ஏ'தான் வரப்போகிறது என்றால் இன்னும் நாலு குடம் ஊற்றுகிறார்கள். இரண்டிலும் கதைக்கு எவ்வளவு தேவை என்பது கடைசிக் கேள்வி.

2023-ல் சட்டம் திருத்தப்பட்டது. 'யு/ஏ' மூன்றாகப் பிரிந்தது: 7 வயதுக்கு மேல், 13-க்கு மேல், 16-க்கு மேல். ஷியாம் பெனகல் தலைமையிலான குழு, வெட்டுவதை விட்டுவிட்டு வகைப்படுத்துவதோடு வாரியம் நிற்கட்டும் என்று 2016-ல் சொன்னது. வயதுப் படிகளை அரசு எடுத்துக்கொண்டது, கத்தரியைக் கீழே வைக்கவில்லை. அந்த எண்களும் பெற்றோருக்கு வழிகாட்டத்தான். 16-க்கு மேல் என்று போட்ட படத்துக்கு ஏழு வயதுப் பிள்ளையைக் கூட்டிவந்தால் திரையரங்கு தடுக்க முடியாது. ஆகவே தயாரிப்பாளருக்குக் கவலை தரும் கோடு இன்னமும் ஒன்றேதான், 16-க்கும் 'ஏ'வுக்கும் நடுவில் இருப்பது. கூலி தாண்டிய கோடு அது. அதே ஆகஸ்ட் 14-ல் வெளியான 'வார் 2' அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டது.

ஓ.டி.டி. தளங்களுக்குத் தணிக்கை வாரியம் கிடையாது. 2021-ம் ஆண்டு விதிகளின்படி அவர்களே வயது குறித்துக்கொள்கிறார்கள். கூலி, செப்டம்பர் 11-ல் அமேசான் பிரைமில் வந்தது. திரையரங்க வாசலில் நிறுத்தப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் அன்று மாலை வீட்டில் ரிமோட்டைக் கையில் வைத்திருந்தார்கள் என்பதைக் கணக்கெடுக்க எந்த வாரியமும் இல்லை.