வண்டிக்குள் கொள்ளாத அலை

நீர்கொழும்பு வீதியில், மாபோலைப் பக்கம் நெரிசலில் நின்றவர்களுக்கு இது தெரியும். கண்ணாடி ஏற்றிய ஹயஸ் வான் ஒன்று பக்கத்தில் வந்து நிற்கும். உள்ளே ஓடுவது தமிழ்ப் பாட்டா சிங்களப் பாட்டா, பாடுவது ஆணா பெண்ணா, ஒன்றும் பிடிபடாது. 'தும் தும்' மட்டும் நெஞ்சுக்கூட்டில் வந்து இறங்கும். நம்பர் பிளேட்டும் சேர்ந்து கிடுகிடுக்கும். தகரமும் கண்ணாடியும் உயர்ந்த ஒலிகளை மறித்துவிடக் கூடியவை. அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் அந்தத் தடுப்பு ஏறக்குறைய 6 டெசிபெல் குறைந்துபோகும். அதனால் வெளியே தப்பி வருவது பேஸ் மட்டும்.

எனக்கு அதைவிட வியப்பு, உள்ளே நடப்பதில்தான். கொழும்பு வெப்பத்தில், 30 பாகை செல்சியஸில், ஒலி செக்கனுக்கு 349 மீற்றர் அளவில் ஓடுகிறது. 40 ஹேர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைக்கு அப்படியானால் 8.7 மீற்றர் நீளம். வானின் உட்பகுதியை மூன்று மீற்றர் என்று வைத்துக்கொண்டால் அலையில் பாதிகூட அதற்குள் கொள்ளாது. பிறகெப்படி உள்ளே இருப்பவருக்குக் கேட்கிறது?

அங்கே கேட்பது ஓடுகிற அலையே அல்ல. ஸ்பீக்கரின் கூம்பு முன்னே வரும்போது மூடிய வானுக்குள் உள்ள காற்று முழுவதும் ஒரே நேரத்தில் அமுங்குகிறது. பின்னே போகும்போது முழுவதும் ஒன்றாகத் தளர்கிறது. செக்கனுக்கு நாற்பது தரம் இது நடக்கிறது. செவிப்பறைக்கு வேண்டியது அழுத்த மாற்றம் மட்டும்தான். அந்த மாற்றம் எந்த வழியாக வந்தது என்று செவிப்பறை விசாரிப்பதில்லை. மூன்று மீற்றர் உட்பகுதியில் 58 ஹேர்ட்ஸ் அளவில் இந்த நிலை தொடங்கும். அதற்குக் கீழே அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு தரமும், திறந்த வெளியில் கிடைப்பதோடு ஒப்பிட்டால், கோட்பாட்டின்படி 12 டெசிபெல் கூடும். அழுத்தத்தில் அது நான்கு மடங்கு. கதவிடுக்கும் தகரத்தின் நெளிவும் உண்மை வண்டியில் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

காற்றுப் புகாமல் மூடிய பொக்ஸில் வைத்த சப்வூஃபர், தன் ஒத்ததிர்வு எல்லைக்குக் கீழே அதே 12 டெசிபெல் வீதம்தான் தளர்ந்துபோகும். பொக்ஸ் இழப்பதை வண்டி திருப்பிக் கொடுக்கிறது! யாரும் திட்டமிட்டு அமைத்ததல்ல இந்தப் பொருத்தம். வீட்டு முன்னறையில் சோம்பிக் கிடந்த பத்து அங்குல ஸ்பீக்கர், டிக்கியில் ஏறியதும் வீறாப்புக் காட்டுவது இதனால்தான்.

ஓட்டோக்காரருக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. இரு பக்கமும் திறந்த வண்டியில் அழுத்தம் தங்காது. பின்னிருக்கைக்குப் பின்னால் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் பேஸில் பெரும்பங்கு ஹெந்தளைச் சந்திக்கே போய்ச் சேரும். பலர் அதைக் குறையாக நினைப்பதுமில்லை. கேட்கவேண்டியவர்கள் வீதியில்தான் இருக்கிறார்கள் போலும்.

பொக்ஸ் எதற்கு? கூம்பு முன்னே தள்ளும் அதே கணத்தில் பின்னே உறிஞ்சுகிறது. வெறும் ஸ்பீக்கரில் இரண்டும் விளிம்பைச் சுற்றி ஓடி ஒன்றையொன்று அழித்துவிடும். மூடிய பொக்ஸ் பின்பக்க ஒலியை அடைத்து வைக்கிறது. துளைக்குழாய் வைத்த பொக்ஸ் அதையே வேலை வாங்குகிறது. வெற்றுச் சோடாப் போத்தலின் வாயில் ஊதும்போது எழும் ஒலிதான் அங்கும். குழாயின் நீளம், அகலம், பொக்ஸின் கொள்ளளவு ஆகிய மூன்றும் அதன் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும். இந்தக் கணக்கை ஒழுங்குபடுத்தி அவுஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீலே 1961இல் வெளியிட்டார். பத்து ஆண்டுகள் உலகம் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. 1971இல் அமெரிக்காவின் ஒலிப் பொறியியல் சங்க இதழ் அதை மறுபதிப்புச் செய்தது. சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மோல் அதை விரித்தெடுத்தார். நல்ல ஸ்பீக்கரோடு வரும் தாளில் உள்ள எண்கள் இன்றும் இவ்விருவர் பெயராலேயே வழங்குகின்றன. பொக்ஸ் அடிக்கும் தச்சர் அந்தத் தாளைப் பார்க்காமல் டிக்கியின் அளவை மட்டும் பார்த்துப் பலகை வெட்டினால், கிடைப்பது பேஸ் அல்ல, வெறும் முழக்கம்.

வயரிங்குக்கு வருவோம். 500 வோட் அம்ப், 12 வோல்ட் பற்றரி என்றால் 42 அம்பியர். வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் 50. நம் சாதாரண ஒருகட்ட வீட்டு மின்னிணைப்பே 30 அம்பியர்தான். இவ்வளவு வலு தேவைப்படுவதற்குக் காரணம் காது. 1933இல் பிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியதுபோல, தாழ்ந்த ஒலிகளுக்கு நம் காது மந்தம். 1000 ஹேர்ட்ஸ் ஒலி பூச்சிய டெசிபெலுக்குச் சற்று மேலேயே கேட்டுவிடும். 40 ஹேர்ட்ஸ் மட்டுமட்டாகக் கேட்கவே 50 டெசிபெல் வேண்டும்.

ஆகவே தடித்த கேபிள். பியூஸ் பற்றரிக்கு அருகிலேயே இருக்கவேண்டும். அது காப்பது அம்பை அல்ல, தீப்பிடிக்கக்கூடிய அந்தக் கேபிளை. எதிர்முனையை வண்டியின் தகரத்தில், பெயின்ட்டைச் சுரண்டி முறுக்கவேண்டும். டிக்கோவிட்டப் பக்கத்து உப்புக் காற்றில் அந்த ஆணியின் அடியில் துரு ஏறினால், என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி பாட்டோடு சேர்ந்து பாடும். 4 ஓம் கொயில் இரண்டு உள்ள ஸ்பீக்கரைத் தொடராக இணைத்தால் 8 ஓம், சமாந்தரமாக இணைத்தால் 2. அம்ப் எதைத் தாங்கும் என்று பார்க்காமல் இணைத்தால் சூடேறி அணையும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சில வண்டிகளில் பேஸ் காணாது. கதவு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் 80 ஹேர்ட்ஸில் வேலையைப் பிரித்துக்கொள்கின்றன என்று வைப்போம். 58க்கு மேலே என்பதால் இங்கே அலைக்கணக்கு மறுபடி செல்லும். அலைநீளம் 4.4 மீற்றர். சாரதியின் காதுக்குக் கதவைவிட டிக்கி இரண்டு மீற்றர் தள்ளி இருந்தால், அது கிட்டத்தட்ட அரை அலை. ஒன்று அமுக்கும்போது மற்றது இழுக்கும். சாரதி அம்பின் திருகைக் கூட்டுவார். அலையின் உச்சி மழுங்கும், கொயில் கருகும், பேஸ் வராது. சப்வூஃபரின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றினாலே போதும், தள்ளுவது இழுப்பாகி இரண்டும் சேர்ந்துகொள்ளும். எந்த முனை நேர் என்று ஐயமிருந்தால் 1.5 வோல்ட் டோர்ச் பற்றரியை ஒரு கணம் தொட்டுப் பார்க்கலாம். கூம்பு வெளியே வந்தால் பற்றரியின் நேர்முனை தொட்டதுதான் நேர்.

இதையெல்லாம் கடை வாசலில், டிக்கியைத் திறந்து வைத்து, வெளியே நின்று சரிபார்ப்பதில் பயனில்லை. கதவும் கண்ணாடியும் மூடியிருக்க, சாரதியின் இருக்கையில் இருந்து கேட்டுத்தான் திருகைத் தொடவேண்டும்.