கலியாணம் நின்றது, அச்சு எந்திரமும் நின்றது!

கொரோனா காலத்தில் தேனிப் பக்கத்துச் சிறிய அச்சகங்கள் பிழைத்த கதை

தேனிப் பக்கத்தில் ஒரு கலியாணப் பத்திரிகையைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

மணமகன், மணமகள் பெயர் மட்டுமா இருக்கும்? இல்லை. தாத்தா, பாட்டி பெயர் இருக்கும். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா பெயர் எல்லாம் இருக்கும். தாய்மாமனுக்கு என்று தனி இடம் இருக்கும்.

அந்த இடத்தில் ஒரு பெயர் விட்டுப்போனால்?

அவ்வளவுதான்! கலியாண வீட்டில் பந்தி நடக்காது, பஞ்சாயத்துதான் நடக்கும்!

இத்தனை பெயர்களையும் தவறு இல்லாமல், வரிசை மாறாமல் அச்சுப் போட்டுக் கொடுப்பவர் யார்? கடைவீதியில் இருக்கும் சிறிய அச்சகக்காரர்தான்.

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் அவருடைய எந்திரம் நின்றது. ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல. வாரக்கணக்கில் நின்றது.

அது மறுபடி எப்படி ஓடியது? அதுதான் இந்தக் கதை.

முதலாளியே தொழிலாளி!

கம்பம் பள்ளத்தாக்கு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரால் செழிக்கும் பூமி. கீழே நெல், வாழை, திராட்சை. மலைக்கு மேலே ஏலக்காய்.

தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று எந்த ஊர்க் கடைவீதிக்குப் போனாலும் சிறிய அச்சகம் உண்டு.

ஓர் அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மினி ஆப்செட் எந்திரம், தாள் வெட்டும் எந்திரம் ஒன்று. பல இடங்களில் முதலாளியே தொழிலாளி. அவர் எந்திரத்தை ஓட்டுவார். வீட்டில் உள்ளவர்கள் தாளை மடிப்பார்கள். பில் புத்தகம் தைப்பார்கள்.

முன்பு ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்தார்கள். காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் எந்திரத்தில் அச்சடித்தார்கள். கம்ப்யூட்டர் வந்தது. ஈய எழுத்து போனது. அந்த மாற்றத்தையும் தாங்கி நின்றவர்கள் இவர்கள்.

கலியாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, திருவிழா நோட்டீஸ், கடைகளுக்கு பில் புத்தகம், பள்ளிக்கூடங்களுக்கு ரசீதுப் புத்தகம். இவைதான் அன்றாட வேலை.

படம் போட்ட வண்ண அட்டைகள் சிவகாசியில் இருந்து வரும். அவற்றில் பெயரையும் தேதியையும் உள்ளூரில் அச்சிட்டுக் கொடுப்பார்கள்.

அறுவடை நேரத்தில் அடி!

உழவனுக்கு ஒரு பருவம் உண்டு. அச்சகத்துக்கும் ஒரு பருவம் உண்டு.

ஆடியில் கலியாணம் இல்லை. மார்கழியிலும் இல்லை. சித்திரை, வைகாசி, ஆனி மாதங்களில்தான் முகூர்த்தம் நெருங்கி வரும். அந்தச் சித்திரையில்தான் வீரபாண்டி கவுமாரியம்மன் கோவில் திருவிழா. அதை அடுத்து ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பு.

அந்த 3 மாதம்தான் அச்சகத்தின் அறுவடை. ஆடி மாதத்துச் சோறும் அதில் இருந்துதான் வரவேண்டும்.

2020-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி மக்கள் ஊரடங்கு. 24-ந் தேதி மாலையில் இருந்து தமிழ்நாட்டில் ஊரடங்கு. 25-ந் தேதி முதல் நாடு முழுவதும் ஊரடங்கு.

அப்போது பங்குனி மாதம். சித்திரைக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன!

மண்டபங்கள் மூடப்பட்டன. கோவில்களில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. மதுரை மீனாட்சி திருக்கல்யாணத்தையே மே 4-ந் தேதி மக்கள் வீட்டில் இருந்தபடி நேரலையில் பார்த்தார்கள். பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கவில்லை.

மூன்று வாசலும் ஒரே நேரத்தில் அடைபட்டன.

500 போய் 50 வந்தது

2020 மே மாதம் கட்டுப்பாடுகள் கொஞ்சம் தளர்ந்தன. கலியாணத்துக்கு 50 பேர் வரலாம். சாவுக்கு 20 பேர் போகலாம் என்றார்கள்.

500 பத்திரிகை அடித்த வீட்டார் என்ன செய்வார்கள்?

"அண்ணே, 50 பத்திரிகை போதும். மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்கிறோம்" என்றார்கள்.

50 பத்திரிகைதானே, சீக்கிரம் அடித்துக் கொடுத்து விடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்!

ஆப்செட் முறையில் முதலில் "பிளேட்" தயார் செய்யவேண்டும். அது மெல்லிய அலுமினியத் தகடு. அதை எந்திர உருளையில் மாட்டவேண்டும். மை சரியாக விழுகிறதா என்று பார்க்கச் சில தாள்களை வீணாக்க வேண்டும். 50 பிரதி என்றாலும், 1,000 பிரதி என்றாலும் இந்தத் தொடக்கச் செலவு ஒன்றுதான்.

ஒரு கணக்குக்காக, தொடக்கச் செலவு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,000 பிரதி அடித்தால் ஒரு பிரதியின் தலையில் 1 ரூபாய் விழும். 50 பிரதி மட்டும் அடித்தால்? ஒன்றின் தலையில் 20 ரூபாய் விழும்!

யார் கொடுப்பார்கள்?

இதற்கு வழி டிஜிட்டல் அச்சு. கம்ப்யூட்டரில் இருந்து நேரே தாளுக்குப் போகும். பிளேட் வேண்டியது இல்லை. முதல் பிரதியும் கடைசிப் பிரதியும் ஒரே விலை. ஆனால் நல்ல டிஜிட்டல் எந்திரம் வாங்கப் பெரும் பணம் வேண்டும்.

அதற்கும் ஒரு வழி உண்டு. எழுத்தையும் படத்தையும் உள்ளூரில் கம்ப்யூட்டரில் அமைத்து, பெரிய எந்திரம் உள்ள இடத்தில் கொடுத்து அடித்து வாங்குவது. எந்திரம் அங்கே, வாடிக்கைக்காரர் இங்கே. நடுவில் நிற்பவர் சிறிய அச்சகக்காரர்.

அத்துடன், வாட்ஸ்அப்பில் அனுப்பும் அழைப்பையும் யாராவது அமைத்துக் கொடுக்கத்தானே வேண்டும்? அதையும் இவரே செய்தார். தாள் இல்லை, மை இல்லை; கூலி உண்டு!

நோயே வேலை கொடுத்தது

நோய் வந்தால் எழுதிக் காட்டவேண்டிய செய்திகள் பெருகும். இது இன்று நேற்றுக் கண்டது அல்ல.

1665-ம் ஆண்டு லண்டன் நகரில் பிளேக் நோய் பரவியது. எந்த வட்டாரத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கை வாரந்தோறும் அச்சடித்து விற்றார்கள். மக்கள் அதை வாங்கிப் பார்த்து, எந்தப் பக்கம் போகக்கூடாது என்று முடிவு செய்தார்கள்.

கொரோனா காலத்திலும் அப்படித்தான். "முகக்கவசம் அணிந்து வாருங்கள்", "இடைவெளி விட்டு நில்லுங்கள்" என்று கடைதோறும் எழுதி ஒட்டவேண்டி வந்தது. தரையில் ஒட்டும் வட்டங்கள், சுவரொட்டிகள், பெயர் எழுதும் பதிவேடுகள் என்று பல தேவைப்பட்டன.

எல்லாம் சின்னச் சின்ன வேலை. ஆனாலும் எந்திரம் துரு ஏறாமல் காத்தன.

எல்லையில் ஒரு தாள்

கம்பம் பள்ளத்தாக்குக்கு இன்னொரு கஷ்டம். பக்கத்திலேயே கேரளா!

இங்கே இருந்து ஏராளமான தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், காலையில் ஜீப்பில் ஏறி இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குப் போவார்கள். மாலையில் வீடு திரும்புவார்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழிகள்தான் அவர்களுடைய சோற்றுக்கு வழி.

ஊரடங்கில் அந்த வழி அடைபட்டது. பிறகு போவது என்றால் அனுமதிச் சீட்டு வேண்டும். தமிழ்நாட்டுக்குள் மாவட்டம் விட்டு மாவட்டம் போகவும் 2020 ஆகஸ்டு முடியும் வரை "இ-பாஸ்" கேட்டார்கள். எல்லாம் இணையத்தில் விண்ணப்பம் செய்யவேண்டும்.

படிக்கத் தெரியாத பாட்டி எங்கே போவாள்? கம்ப்யூட்டரும் தாளும் உள்ள கடையைத் தேடித்தான் போவாள்!

2021-ம் ஆண்டில் தடுப்பூசி வந்தது. சான்று கைப்பேசியில் இருக்கும். ஆனால் கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்தால்? சாதாரணப் போனாக இருந்தால்? எல்லையில் கேட்டால் என்ன காட்டுவது?

ஆகவே சான்றைத் தாளில் எடுத்து, லேமினேஷன் போட்டு வாங்கிக்கொண்டார்கள். எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவருக்கு அது வெறும் தாள் அல்ல, அன்றைய கூலி!

அடுப்படியில் இருந்து வந்த வேலை

வேலை போன வீடுகளில் பெண்கள் சும்மா இருக்கவில்லை. மிளகாய்ப்பொடி, சாம்பார்ப்பொடி, ஊறுகாய், முறுக்கு என்று வீட்டிலேயே செய்து விற்றார்கள்.

விற்பது என்றால் சும்மா பொட்டலம் கட்டி விற்க முடியாது. சட்டம் இருக்கிறது. பாக்கெட்டின் மேல் பொருளின் பெயர், எடை, விலை, தயாரித்த தேதி, முகவரி எல்லாம் அச்சிட வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பெறும் 14 இலக்க எண்ணும் வேண்டும்.

பெரிய அச்சகம் 100 ஸ்டிக்கர் அடித்துத் தராது. சிறிய அச்சகம் தரும்! எண் எங்கே போடவேண்டும், எடையை எப்படிக் காட்டவேண்டும் என்றும் சொல்லித் தரும்.

அடுத்து வந்தது மஞ்சப்பை. 2019-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தமிழக அரசு தொடங்கியது.

துணிப் பையில் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் பெயர் அச்சிடலாம். பெரிய எந்திரம் வேண்டாம். சட்டத்தில் கட்டிய சல்லடைத் துணி, மை, கைப்பலம், இவை போதும். மணமக்கள் பெயர் போட்ட தாம்பூலப் பையும் அதில் அடக்கம்.

மொய்க்கும் ஒரு கட்டம்!

2021-ம் ஆண்டு ஜனவரியில், பக்கத்து மாவட்டமான மதுரையில் ஒரு கலியாணப் பத்திரிகை நாடு முழுவதும் பேசப்பட்டது.

அதில் என்ன விசேஷம்? கறுப்புப் புள்ளிகள் நிறைந்த இரண்டு சதுரக் கட்டங்கள் அச்சாகி இருந்தன. அவை "கியூ.ஆர். கோடு". கைப்பேசியைக் காட்டினால் மொய்ப் பணம் நேரே கலியாண வீட்டார் கணக்குக்குப் போய்விடும்!

சிலர் சிரித்தார்கள். சிலர் "மொய் கேட்டு அச்சடிக்கலாமா?" என்றார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். வர முடியாத உறவினர் மொய் எழுத வேண்டாமா? வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்யாமல் இருந்தால் ஊரில் பேச்சு வராதா?

கைப்பேசி பத்திரிகையை விழுங்கிவிடும் என்று பயந்தார்கள். இங்கே கைப்பேசியே பத்திரிகைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது!

தேர்தல் கொடுத்த மூச்சு

2021-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி சட்டசபைத் தேர்தல் நடந்தது. 2022-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது.

தேனி மாவட்டத்தில் 6 நகராட்சிகள், 22 பேரூராட்சிகள். வார்டு வேட்பாளருக்கு லட்சக்கணக்கில் நோட்டீஸ் வேண்டாம். வார்டுக்குப் போதுமான அளவு போதும். இது சிறிய அச்சகத்துக்கு ஏற்ற வேலை.

ஆனால் கவனம் வேண்டும்! தேர்தல் நோட்டீசில் அச்சிட்டவர் பெயரும் முகவரியும், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

எல்லோரும் கரையேறினார்களா?

இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடனுக்கு எந்திரம் வாங்கியவர்களுக்கு நெருக்கடி அதிகம். 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்டு 31 வரை தவணையைத் தள்ளிக் கட்டலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. தவணைதான் தள்ளிப்போனது, வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு, அந்த 6 மாதத்துக்கான வட்டிக்கு வட்டியை மட்டும் பின்னர் மத்திய அரசு ஏற்றுக்கொண்டது.

நோய் தணிந்து வேலை திரும்பியபோது, 2021, 2022-ம் ஆண்டுகளில் காகித விலை ஏறியது. 2022 ஜூலை 18-ந் தேதி முதல் அச்சு மைக்கு ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்தில் இருந்து 18 சதவீதம் ஆனது.

தாக்குப்பிடிக்க முடியாதவர்கள் கடையை மூடினார்கள், எந்திரத்தை விற்றார்கள். பிழைத்தவர்கள் எதை வைத்துப் பிழைத்தார்கள்? பெரிய எந்திரத்தை வைத்து அல்ல. ஊர்ப் பழக்கத்தை வைத்து!

எந்தக் குடும்பத்தில் யார் மூத்தவர், யார் பெயருக்கு முன்னால் யார் பெயர் வரவேண்டும், யார் காலமாகிவிட்டார்கள், யார் பெயரை விட்டால் சண்டை வரும் என்பது எல்லாம் அவர்களுக்குத் தெரியும். இது எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை.

சாமிக்கு எந்தப் போன்?

இப்போது மண்டபங்களில் மறுபடியும் கூட்டம். வாட்ஸ்அப் அழைப்பும் நிலைத்துவிட்டது. "தெரிந்தவர்களுக்குப் போனில், நெருங்கியவர்களுக்கு நேரில்" என்று பல வீடுகளில் ஏற்பாடு. ஆகவே அச்சடிக்கும் எண்ணிக்கை குறைந்தது.

ஆனால் அடியோடு நிற்கவில்லை. ஏன் தெரியுமா?

முதல் பத்திரிகையை நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, குலதெய்வத்தின் காலடியில் வைக்கவேண்டும். இரண்டாவதை வெற்றிலை பாக்குடன் தட்டில் வைத்து, தாய்மாமன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.

சாமிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா?

சாமியாவது பொறுத்துக்கொள்ளும். தாய்மாமன் பொறுப்பாரா?